பெர்னிஸின் பூப்போட்ட துண்டு

லோரிக்காரன் சொல்வதை அப்படியே நம்புகிறவன் போர்ட் கிள்ளானில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டான். "பாஸ், ஹைவேல செம ட்ராபிக் ஜேம் பாஸ்" என்பான் போனில். ஜிபிஎஸ்ஸைத் திறந்து பார்த்தால் லோரி காப்பாரில் ஒரு கடை வாசலில் நிற்கும், அவன் உள்ளே உட்கார்ந்து நாசி லெமாக் தின்றுகொண்டிருப்பான். லோரிகளை அனுப்புகிற ஆபீசில் இருபது வருடமாக இந்த ஜாதியோடு மாரடிக்கிறேன். ஒருவன் வாயைத் திறந்தாலே, இவன் எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி முதலில் ஓடும். "கபிரியேல் சம்மனசு மோட்சத்துலேர்ந்து வந்து நின்னாலும் ஐ.சி. கார்டக் கேப்பீங்க மாரிஸ்" என்பாள் என் மனைவி வனேசா. கேட்பேன்தான். அதில் என்ன தப்பு?

அதனால்தான் பெர்னிஸ் தன் கீபோர்ட் மேல் துண்டு போட ஆரம்பித்த அன்றே எனக்குச் சுருக்கென்றது.

பெர்னிஸ் வனேசாவின் தங்கை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துப் பாட்டும் பியானோவும் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வயிற்றுப்பாட்டுக்கு. மேடையில் நடித்துப் பாடப் போகிற ஆண்களுக்குப் பாட்டுத் தேர்ந்து கொடுப்பது அவள் பெருமைக்கு. கோலாலம்பூரில் இசை நாடகம் போடுகிறவர்கள் ஆள் எடுக்கும்போது ஆளுக்கு ஒரு பாட்டுதான் கேட்பார்கள். மெதுவாக ஆரம்பித்து, நெஞ்சைப் பிசைந்து, கடைசியில் கூரையைத் தூக்குகிற பாட்டாக இருக்க வேண்டும். பேலட் என்று அதற்குப் பெயர். அந்த ஒன்றைத் தப்பாகத் தேர்ந்துவிட்டால், நீ எவ்வளவு பெரிய பாடகனாக இருந்தாலும் "தேங்க்யூ, நெக்ஸ்ட்" என்று அனுப்பிவிடுவார்கள்.

"ஆம்பளைக்குப் பாட்டு எடுக்கறது சட்டை எடுக்கற மாதிரி அத்தான். கலரெல்லாம் அப்புறம். மொதல்ல கழுத்து புடிக்குதான்னு பாக்கணும்" என்பாள் பெர்னிஸ்.

கழுத்து என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தைராய்டு கட்டி என்று என் கழுத்தைக் கீறி எடுத்தார்கள். "குரல் கொஞ்சம் மாறலாம்" என்றார் டாக்டர். மாறவில்லை என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "மாரிஸ் முன்னெல்லாம் என்னமா பாடுவாப்ல" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். உயிரோடு நிற்கிறவனுக்கு முன்னால் பேசுகிற பேச்சா அது? பாடகர் குழுவை நடத்தும் கெர்ட்ரூட் ஆன்டி, என்னை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கனத்த குரல்காரர்களோடு பின்னால் நிறுத்தினார். "அங்க ஆள் பத்தல மாரிஸ். நீதான் காப்பாத்தணும்" என்றார். காப்பாற்றுகிறேனாம்!

இந்த நேரத்தில்தான், இப்போது கௌசல்யா என்ற பெண் நடத்துகிற நாடகக் குழு ஒரு புதுத் தமிழ் இசை நாடகம் அறிவித்தது. போர்ட் கிள்ளான் லோரிக்காரன் ஒருவனின் கதை. கதாநாயகனுக்கு வயது வரம்பு இல்லை, குரல்தான் முக்கியம் என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லோரி எனக்குத் தெரியும், போர்ட் கிள்ளான் எனக்குத் தெரியும், பாட்டு எனக்குத் தெரியும். இந்த வேடத்தை வாங்கி, 'முன்னெல்லாம்' என்று சொல்லுகிற அத்தனை வாயையும் அடைக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

பாட்டையும் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். 'கடல் கேட்கட்டும்.' பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே குழு போட்ட நாடகத்தில் நான் கதாநாயகனாகப் பாடிய பாட்டு. கடைசியில் 'கடலே' என்று ஓர் இழுப்பு வரும். மூச்சைப் பிடித்து மேலே போய், அங்கேயே நிற்க வேண்டும். நான் நின்றேன். அரங்கமே எழுந்து நின்றது.

"அது வேணாம் அத்தான்" என்றாள் பெர்னிஸ், நான் சொல்லி வாய் மூடுவதற்குள். "'வெள்ளைச் சட்டை' பாடுங்க."

'வெள்ளைச் சட்டை' வேறொரு பழைய நாடகத்தில் வருவது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், மகளின் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுவான். ஓர் இடத்தில்கூடக் குரல் மேலே ஏறாது. கூரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

"அது இஸ்திரிப் பெட்டிப் பாட்டு. நான் என்ன டோபியா?"

"அதுல நடிக்க எடம் இருக்கு அத்தான். 'கடல்' எல்லாரும் எடுக்கற பாட்டு. கேட்டுக் கேட்டு அவங்களுக்கே சலிச்சிருக்கும்."

"எல்லாரும் எடுக்கறாங்க, ஏன்னா நான் அப்படிப் பாடி வெச்சேன்."

அவள் 'கடல்' பாட்டின் தாள்களை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு, "சரி, கடலையே பாடுங்க" என்றாள். பெர்னிஸ் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற பிறவி இல்லை. அவர்கள் குடும்பத்திலேயே அந்த வழக்கம் கிடையாது. அடுத்த தடவை போனபோது கீபோர்டின் இடது பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது.

கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் சிவப்புப் பூப்போட்டது. எண்கள் தெரிகிற சின்னக் கண்ணாடியும், பக்கத்துப் பொத்தான்களும் இருக்கிற இடத்தைச் சரியாக மூடியிருந்தது.

"இது என்னத்துக்கு?"

"தூசி அத்தான். கீழ ரோட்டத் தோண்டறான்ல."

தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தூசி என்ன, இடது பக்கம் மட்டும் பார்த்து விழுமா? கேட்டேன். "காத்து அந்தப் பக்கம் லா" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

பாடினேன். கேட்டால் நம்பமாட்டீர்கள், 'கடலே' வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது. முன்பைவிடச் சுலபமாகவே வந்தது. ஆப்பரேஷனாவது மண்ணாங்கட்டியாவது! "பாத்தியா?" என்றேன். பெர்னிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு வரவில்லை. லோரிக்காரர்களிடம் அதைப் பார்த்துப் பழகியவன் நான்.

ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும்போது யோசித்தேன். துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? பதிவு செய்கிற பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதை மறைக்கத்தான் துண்டு! என் பாட்டைப் பதிவு செய்கிறாள். யாருக்காக? சுபாங் ஜெயா வருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. லியோனல்.

லியோனலும் அவளிடம்தான் கற்கிறான். முப்பதைத் தாண்டியிருப்பான். வாட்டசாட்டமான ஆள், செதுக்கிய தாடி, சுபாங் ஜெயாவில் ஏதோ ஒரு ஆபீசில் வேலை. அவனும் அதே வேடத்துக்குத்தான் போகிறான். ஒருநாள் மாடிப்படியில் எதிரே வந்தவன், "என்ன பாட்டு அண்ணே எடுத்திருக்கீங்க?" என்று பல்லைக் காட்டினான். எங்கள் வட்டத்தில் தேர்வுக்கு முன்னால் அதைக் கேட்கக் கூடாது. பெண் பார்க்கப் போகிறவனிடம் எந்த வீடு என்று கேட்பது போன்றது அது. "இன்னும் முடிவு பண்ணல தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இவன் ஏன் கேட்கிறான் என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

பிறகு சிடி காணாமல் போனது. நான் பாடிய அந்தப் பழைய நாடகத்தின் பாட்டு சிடி என் காரில்தான் எப்போதும் கிடக்கும். ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் அதைப் போடவே இல்லை, மனசு வரவில்லை. இப்போது குரல் திரும்பிவிட்டதே, கூடவே பாடிப் பார்க்கலாம் என்று தேடினால் இல்லை.

"ப்ளேயர் கெட்டுப் போச்சுன்னு எடுத்து எங்கயோ வெச்சேன்" என்றாள் வனேசா.

ஜெபமாலை சிடியைப் போட்டுப் பார்த்தேன். மணிமணியாக ஓடியது.

அதற்குப் பிறகு வீட்டிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். அக்காளும் தங்கையும் போனில் மணிக்கணக்காகக் குசுகுசுத்தார்கள். நான் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "என்னடி?" என்றால், "மீன் வெல ஏறிப் போச்சாம்" என்பாள். மீன் விலையை அழுதுகொண்டா பேசுவார்கள்? வனேசா மூக்கை உறிஞ்சியதை நான் கேட்டேன். என் சொந்தப் பெண்டாட்டியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். பூக்கடையைத் தாண்டி மாடிப்படியில் கால் வைத்ததும் மேலேயிருந்து பாட்டுக் கேட்டது. லியோனல் குரல். பாட்டு 'கடல் கேட்கட்டும்.'

அப்படியே நின்றுவிட்டேன். அவன் என் பாட்டைப் பாடியது போதாதென்று, நான் பாடுகிற சுருதியைவிட மேலே ஏற்றிப் பாடிக்கொண்டிருந்தான். 'கடலே' என்று போய் நின்றானே பார்க்கலாம், படிக்கட்டுச் சுவரே அதிர்ந்தது. எனக்குக் காட்டுவதற்காகவே உயர்த்தி வைத்துக் கொடுத்திருக்கிறாள்! தடதடவென்று ஏறிக் கதவைத் தள்ளினேன்.

கீபோர்ட் மேல் துண்டு இல்லை. மடித்து நாற்காலியில் வைத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பெர்னிஸ் பார்த்தாள்.

"இன்னைக்குத் தூசி லீவா?" என்றேன்.

"அத்தான், உக்காருங்க."

"உக்கார வரல. எனக்கு வேணாம்னு சொன்ன பாட்டு இவனுக்கு மட்டும் எப்படி ஆகுது? அதுவும் கீய வேற ஏத்திக் குடுத்திருக்க!"

"ஏத்தலயே அண்ணே" என்றான் லியோனல். "இது ஒரிஜினல் கீதான்."

"டேய், அந்தப் பாட்ட மொதமொதல்ல மேடையில பாடினவன் நான். எனக்கே கீ சொல்லித் தரியா?"

அவன் பெர்னிஸைப் பார்த்தான். பெர்னிஸ் தரையைப் பார்த்தாள். கூட்டாளிகள் பார்க்கிற பார்வை அது. லோரி டீசலைத் திருடி விற்றவர்கள் ஆபீசில் என் முன்னால் நின்று இப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"உங்க தொண்டை வேற, அவன் தொண்டை வேற அத்தான்" என்றாள் பெர்னிஸ் மெதுவாக.

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது. இனிமே எனக்கு நீ வாசிக்க வேணாம். ஹால்ல பியானோக்காரர் கமலநாதன் இருக்காரு, அவரு வாசிப்பாரு."

அவள் முகம் வெளுத்துப் போனது. படியிறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். "அத்தான், வேற யாரும் வாசிக்கக் கூடாது. நான் மட்டுந்தான் வாசிக்கணும். சொன்னாக் கேளுங்க அத்தான்!" பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் திரும்பவே இல்லை. அவள் மட்டும்தான் வாசிக்க வேண்டுமாம். எதற்கு? மேடையில் வைத்து என் காலை வாருவதற்கா?

சனிக்கிழமை காலையில் வனேசா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "பெர்னிஸே வாசிக்கட்டுமே. அவதான் உங்க மூச்சு தெரிஞ்சவ."

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

வாயைத் திறந்தாள். பிறகு, "பாத்துப் போங்க" என்றாள். காப்பியைக் குடிக்காமலே கிளம்பினேன்.

தேர்வு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில். மேடைக்குக் கீழே கௌசல்யா மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்பாங்கிலிருந்து வருகிற பெண், என் வயதில் பாதிதான் இருப்பாள், கண்ணில் கத்தி. லியோனலை லியோனல் என்பாள், என்னை மட்டும் அங்கிள் என்பாள். மேடை ஓரத்தில் பழைய மரப் பியானோ இருந்தது. கமலநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், குழுவின் பியானோக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். பாட்டின் தாள்களை அவரிடம் நீட்டினேன். ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓ, இதுவா?" என்று சிரித்தார்.

பெர்னிஸும் வந்திருந்தாள், லியோனலுக்கு வாசிக்க. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், உங்க கால்ல வேணா விழறேன். நான் வாசிக்கறேன்."

"நீ உன் சிஷ்யனப் பாரு."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். கமலநாதன் ஆரம்ப இசையை வாசித்தார். முதல் அடியிலேயே எனக்கு என்னவோபோல் ஆனது. மாடிப்படியில் இருட்டில் ஏறும்போது, முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னொரு படி இருக்குமே, அப்படி இருந்தது. எல்லாமே மேலே இருந்தது. அடிப்பாவி, இவரையும் கையில் போட்டுக்கொண்டாளா? அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது, சத்தியமாக.

விடவில்லை. பாடினேன். முதல் பாதி ஓடியது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. 'கடலே' வந்தது. மூச்சைப் பிடித்து மேலே போனேன்.

அங்கே ஒன்றுமே இல்லை.

குரல் இரண்டாகப் பிளந்து, லோரி ஏர் பிரேக் விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். சிரித்தது வலிக்கவில்லை. அடக்கிக்கொண்டதுதான் வலித்தது.

கமலநாதன் பக்கம் திரும்பினேன். "கீய மாத்திட்டீங்க! யாரு மாத்தச் சொன்னா?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "எழுதியிருக்கறதத்தான் வாசிச்சேன் பிரதர். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வாசிச்சதும் நான்தானே. அன்னைக்கும் இதே கீதான்."

அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எவ்வளவு தேடியும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. துண்டு. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பாட்டு முழுவதும் சுருதி கீழே இறங்கும், வாசிக்கிற விரல் மாறவே வேண்டாம். எத்தனை இறங்கியது என்று கண்ணாடியில் எண் மட்டும் தெரியும். அந்த எண்ணைத்தான் மூடியிருந்தாள். சிடியோடு கூடப் பாடினால் எனக்குத் தெரிந்துபோய்விடும், அதனால் சிடி போனது. கெர்ட்ரூட் ஆன்டி என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். மீன் விலைக்கு வனேசா அழுதாள். ஊருக்கே தெரிந்திருந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டவன், என் தொண்டையை மட்டும் விட்டுவிட்டேன்.

பெர்னிஸ் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

"எத்தன பெர்னிஸ்?"

இரண்டு விரலைக் காட்டினாள்.

"இந்த பியானோவுல பொத்தான் கெடையாதே. இங்க என்ன பண்றதா இருந்த?"

"கையாலயே ரெண்டு எறக்கி வாசிக்கப் பழகியிருந்தேன் அத்தான்" என்றாள். "பிள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் ஒக்காந்து பழகினேன். உங்களுக்குத் தெரியாமயே முடிச்சிடலாம்னு."

ஒரு பாட்டை அப்படிக் கையால் இறக்கி வாசிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு விரலும் பழகின இடத்தை மறக்க வேண்டும். நான் அவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

கௌசல்யா பேனாவை மேசையில் தட்டினாள். "அங்கிள், ஒருத்தருக்கு ஒரு பாட்டுதான். சாரி."

"நான் இன்னும் பாடவே இல்ல மிஸ்" என்றேன். "இவ்வளவு நேரம் பாடினது பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின ஆளு. அவரு போயிட்டாரு. இப்ப நான் பாடணும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "சீக்கிரம்" என்றாள்.

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பியானோவுக்கு வந்தாள். கமலநாதன் எழுந்து இடம்விட்டார். அவள் விரலை வைத்த இடத்தைப் பார்த்தேன், 'கடலு'க்காகத்தான் வைத்திருந்தாள், இரண்டு இறக்கி.

"அது வேணாம். இஸ்திரிப் பெட்டிய வாசி."

"அத்தான், அத நீங்க சரியா ஒரு தடவகூடப் பாடலயே."

"வரி தெரியும். வாசி."

வாசித்தாள். ஒரு கையில் இல்லாத சட்டையைப் பிடித்துக்கொண்டு பாடினேன். 'காலர் ஓரத்தில் உன் அம்மாவின் கைமடிப்பு, சூடு கூட்டமாட்டேன், அதைக் கலைக்கமாட்டேன்.' அந்த வரியில் வனேசா என் மனசில் வந்து நின்றாள். ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கட்டு மேல் உரசக் கூடாதென்று என் சட்டைகளின் காலரையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து பிரித்து எடுத்தவள் அவள். காலையில் குடிக்காமல் விட்ட காப்பி ஞாபகம் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையோடு பாடக்கூடிய பாட்டு அது ஒன்றுதான் என்று பாடும்போதுதான் தெரிந்தது. அந்தச் சண்டாளி பெர்னிஸ் அன்றைக்கே சொன்னாளே, கழுத்து பிடிக்கக் கூடாதென்று.

முடிந்தது. யாரும் கைதட்டவில்லை, தேர்வில் தட்டமாட்டார்கள். கௌசல்யா 'நெக்ஸ்ட்' சொல்லக் கொஞ்சம் நேரமானது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று நான் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பழக்கம் எங்கே போகும்?

இறங்கி வரும்போது லியோனல் எதிரே வந்தான். "அண்ணே, நான் வேற பாட்டு பாடிக்கறேன்."

"ஏன், எனக்குப் பாவம் பாக்கறியா? கடலையே பாடு. நல்லா பாடல, தொலச்சிருவேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். 'கடலே' என்று போனான், போய் நின்றான். கூரை தூக்கிக்கொண்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் தெரிஞ்சு போச்சு. சிடியக் குடு" என்றேன். வனேசா அரிசி டின்னுக்குள் கையை விட்டு எடுத்தாள். தூசியைத் தட்டிக் கொடுத்துவிட்டு அழுதாள். "மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியலங்க" என்றாள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். நான் போடுகிற காப்பி வாயில் வைக்க முடியாது, குடித்தாள்.

அடுத்த வாரம் கௌசல்யா கூப்பிட்டாள். கதாநாயகன் லியோனல். எனக்குக் கதாநாயகனின் அப்பா வேடம். அப்பாவுக்குப் பாட்டே இல்லாமல் இருந்ததாம், இப்போது ஒன்று புதிதாக எழுதுகிறார்களாம். கேட்டதை வாங்கமுடியவில்லை என்று நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது. பிறகு அடுத்த முள் குத்தியது.

"பாவம் பாத்துக் குடுக்கறீங்களா மிஸ்?"

"பாவம் பாக்கறதுக்கெல்லாம் எனக்கு டைம் இல்ல அங்கிள்" என்று போனை வைத்துவிட்டாள். பாதி நம்பினேன்.

புதுப் பாட்டு வந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கீழே பூக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னைக்குச் சண்ட உண்டா பாஸ்?" என்றார். "கட்டணம் குடுத்தா உண்டு" என்று சொல்லிவிட்டு ஏறினேன். பெர்னிஸ் கீபோர்ட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கத்தில் அதே துண்டு, அதே சிவப்புப் பூ.

"இன்னும் எதுக்கு இது?"

"தூசி அத்தான். எட்டிப் பாருங்க, ரோட்ட இன்னும் மூடல."

எட்டிப் பார்த்தேன். மூடவில்லைதான்.

"அடியில என்ன நம்பர் இருக்கு?"

"சைபர். எழுதின கீதான்."

"சத்தியமா?"

பெர்னிஸ் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தூக்கிப் பாத்துக்குங்க."

கை துண்டுவரை போனது. ஓரத்தைப் பிடித்தும்விட்டேன். அடியில் சைபர் இருக்கலாம். இரண்டும் இருக்கலாம். எந்த லோரிக்காரனையும் இதுவரை நான் இப்படி விட்டதில்லை. துண்டின் ஓரத்தை நேராக இழுத்து, கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நன்றாக மூடினேன்.

"வாசி" என்றேன்.